கையைக் கட்டாத பிள்ளை

இன்று சாயங்காலம் தின்கன்ஜூன் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆவி முகத்தில் பட்டதும் உன் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மகள் மாலாவின் பாலர் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தேன். இப்போது மாலாவும் அவள் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ இருந்திருந்தால் போனில் கத்தியிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன்.

நம்மோடு கூடப் படித்தவர்களெல்லாம் சிங்கப்பூர் வேலைக்கு அலைந்தபோது நீ தான்சானியாவுக்குப் போய், ஒரு சின்ன ஊரில் பிள்ளைகளை விளையாட வைக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தாய். "விளையாடவா அம்புட்டுத் தூரம் போனே?" என்று உன் அம்மா கேட்டதற்குச் சிரித்தாய். பிறகு அந்த ஒன்பது வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். வட்டமாக உட்கார்ந்து, கையில் சோளக்கதிர் வைத்திருப்பவர் மட்டும் பேசுவது அங்கே பிள்ளைகளின் விளையாட்டு. வாத்தியாரானாலும் கதிர் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. ஒருநாள் ஊர்க் குழாயடியில் பெண்கள் குடத்தைத் தூக்கி அடித்துக்கொள்ளப் போக, அந்தப் பெண் ஒரு கதிரோடு நடுவில் போய் நின்று எல்லோரையும் உட்கார வைத்துவிட்டாளாம். யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று அவர்களே பேசி முடித்தார்களாம்.

"அதுக்கு யாரும் தலைமைன்னு பாடம் எடுக்கலடி. தெனமும் விளையாடுச்சு, அவ்வளவுதான்" என்றாய்.

அதையே இங்கே, அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்தாய். துணைக்கு நான். முதல் நாள் ஒரு பிள்ளையை நடத்தச் சொன்னதும் மற்றப் பிள்ளைகளெல்லாம் எழுந்து, பர்மியப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் சயாமா முன்னால் நிற்பதுபோல நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டார்கள். நடத்த வந்த கடைக்கார பாய் வீட்டுப் பெண்ணோ ஒரு குச்சியை எடுத்து வரிசையாக உள்ளங்கையில் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நம் பிள்ளைகள் பார்த்த தலைமை அது ஒன்றுதானே. நான் குச்சியைப் பிடுங்கப் போனேன், நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். அடுத்த ஆட்டத்துக்கு அவள் கூப்பிட்டு யாரும் போகவில்லை. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கியே இருந்தாள். மறுபடி அவள் முறை வந்தபோது, "உங்களுக்கு என்ன விளையாடணும்?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், டெங்கு என்று தெரிவதற்குள்ளேயே போய்விட்டாய். கொட்டகையில் இப்போது பந்தல் சாமான்கள் கிடக்கின்றன. எனக்கு அதை நடத்தத் தைரியம் இல்லை. வீட்டில் மாலாவோடு மட்டும் அந்த ஆட்டத்தை ஆடினேன். கதிருக்குப் பதில் கரண்டி.

இன்று அதுதான் வினையாயிற்று. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட, ஐந்து வயது மாலா எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்திருக்கிறாள். கையில் ஒரு செருப்பு. சயாமா வந்து சத்தம் போட்டதும், "செருப்பு உங்ககிட்ட இல்ல சயாமா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதற்காக மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை! தலைமை சயாமா என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு அடக்கம் கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்டார். நாளைக்குக் காலையில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மாலா கையைக் கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அவள் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டம் வாங்கியவள், ஒரு பிள்ளைக்குத் தாய். என் இரண்டு கையும் தானாக நெஞ்சில் கட்டிக்கொண்டன. "சரிங்க சயாமா" என்றேன். மாலா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலிருந்துதான் இந்தக் கோபம். அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல், என் கைகளின் மேல், உன் மேலும்தான். பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாய். அதைக் கேட்டுச் சகிக்க இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? பாதி வேலையை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாயே. இடம் கிடைத்ததே பெரிது, ஒரு மன்னிப்பில் என்ன குறைந்துவிடும் என்கிறார் இவர். இந்த இடம் போனால் எங்கே சேர்ப்பது என்று எனக்கும் கவலைதான்.

படுக்கப் போகும்போது மாலா கேட்டாள்: "நாளைக்கு நான் என்னம்மா சொல்லணும்?"

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பேசறேன்."

"அப்ப நான் ஒம் பின்னாடி நிக்கவா?"

"வேணாம், பக்கத்துல நில்லு."

சொல்லிவிட்டேன். காலையில் என்ன பேசப்போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. அந்த வாசலில் குரல் நடுங்கும், அதுவும் தெரியும். நீ போனபின் என் நினைப்பில் கூடவே இருப்பது, நீ சொன்ன அந்த ஒன்பது வயதுப் பெண்தான். நான் பார்த்ததே இல்லை, பெயரும் நீ சொல்லவில்லை. குடங்களுக்கு நடுவில் போய் நின்றபோது அவளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?