பெட்டியில் விழாத ஓட்டு

என் தங்கமான மாப்பிள்ளைக்கு,

நீ மந்திரியாவாய் என்று இந்த உலகத்தில் முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். நீயே அதை மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறாய், எவன் மறுப்பான்? வரும் ஞாயிற்றுக்கிழமை, நீ பாடம் நடத்திய மலைப் பள்ளிக்கூடத்தில் உன் படத்தைத் திறக்கிறார்கள். நான் குறி சொன்ன கதையை எழுந்து பேச வேண்டுமாம். பேச்சு எழுதத்தான் உட்கார்ந்தேன். கை உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு போகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை கண்டால் சிவப்பு மையை எடுத்துவிடாதே.

முதல் தேர்தலுக்கு நிற்க நீ வாத்தியார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நாளை மறக்க முடியுமா? உன் அம்மா, என் அக்கா, அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "மாசமானா சம்பளம் வர்ற வேலையாச்சே கண்ணு, ஓட்டு சோறு போடுமா?" என்றாள். நீ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாய். "நம்ம மலைக்கு ரோடு வேணுமுன்னு கீழ்நாட்டு ஆளு எதுக்கும்மா கேப்பான்? நாமதான் போயிக் கேக்கோணும்." அந்தக் குரலைக் கேட்டு எதிர்மலையில் மேய்ந்த மாடுகள்கூடத் தலை நிமிர்ந்தன. நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போதெல்லாம் ஆளுக்கொரு பெட்டி. சாவடியில் ஒரு காகிதம் தருவார்கள். பிடித்தவர் சின்னம் ஒட்டிய பெட்டியில் போட வேண்டும். நம் கொல்லிமலையின் குண்டனி நாட்டுச் சனம் விடியும் முன்பே மஞ்சள் குளித்துக் கிளம்பி வந்தது. காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தட்டி மறைவுக்குள் போனார்கள். முந்தானையிலும் வேட்டி முனையிலும் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்கள்! ஒருவரா, இருவரா? மலையே அப்படித்தான் வந்தது.

நீ தோற்றாய். தோற்ற மறுவாரம் என்னையும் இழுத்துக்கொண்டு குண்டனி நாட்டுக்கு நடந்தாய், நன்றி சொல்ல. முதல் வீட்டுப் பெரியவர் உன்னை உள்ளே கூட்டிப்போய் சாமி மூலையைக் காட்டினார். மஞ்சள் தடவி, பூ வைத்து, ஓட்டுக் காகிதம்.

"பாருங்க சாமி, உங்க ஓட்டு பத்திரமா இருக்குது. அந்தப் பொட்டியக் கீழ்நாட்டு ஆளுங்க லாரியில தூக்கிட்டுப் போறாங்களாமே? வாத்தியார் ஓட்ட நாங்க அவங்ககிட்டக் குடுப்பமுங்களா?"

எனக்கு உச்சி கொதித்தது. நீ கைகூப்பினாய். "ரொம்பச் சந்தோசமுங்க அப்புச்சி" என்றாய். வீட்டுக்கு வீடு அதே மஞ்சள், அதே பூ. ஒரு வீட்டில்கூட உன் முகம் சுருங்கவில்லை. இறக்கத்தில் இறங்கும்போது நான் பல்லைக் கடித்தேன். நீ சொன்னாய்: "எனக்கு ஓட்டு விழாம இல்லீங்க மாமா. பொட்டியிலதான் விழல."

எப்படி மாப்பிள்ளை அப்படிச் சொல்ல முடிந்தது? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

வேலை போயிற்று, சம்பளம் போயிற்று. மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் நான் மிளகு மூட்டையை இறக்கினால் வியாபாரிகள் ஆரம்பித்துவிடுவார்கள். "ஏனுங்க, தோத்த வாத்தியாரோட மாமன் வாராரு! மொளகுக்கு மஞ்சத் தடவிச் சாமி மூலையில வெச்சிருக்காரானு பாருங்க!" சிங்கம் மாதிரி நடந்த நான், சந்தையின் பின்வழியாக நுழையும்படி ஆயிற்று.

நீயோ அதே சந்தையில், மலைச்சனம் இறங்கும் இடத்தில் பள்ளிக்கூடம் போட்டுவிட்டாய். முறை மாறுகிறது, இனி ஒரே பெட்டிதான், சின்னத்தின் மேல் முத்திரை குத்த வேண்டும் என்று தெரிந்ததும், மரவள்ளிக் கிழங்கைக் குறுக்கே வெட்டி முத்திரை செய்தாய். அடுப்புக்கரி மை. மண்ணெண்ணெய் டின் பெட்டி.

"கெழங்க இப்பிடி வீணாக்கறீங்களே வாத்தியாரே, வேக வெச்சாத் திங்கலாமுல்ல?"

"மொதல்ல குத்துங்க அம்மாயி. குத்தினதுக்கப்புறம் நீங்களே எடுத்துட்டுப் போயி வேக வெய்யுங்க."

வாரா வாரம், அடுத்த தேர்தல் வரைக்கும், மழையென்றும் பாராமல். எத்தனை மூட்டைக் கிழங்கு தீர்ந்ததென்று கேட்காதே. சந்தையில் கிழங்குக்கே பஞ்சம் வந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்ப வேண்டும்.

இந்தத் தடவை குண்டனி நாட்டில் ஒரு காகிதம்கூட வீட்டுக்கு வரவில்லை. நீ ஜெயித்துக் கோட்டைக்குப் போனாய். உன் முதல் பேச்சைக் கேட்க நானும் மெட்ராஸ் வந்து மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கொல்லிமலை என்று நீ வாயைத் திறந்ததும் சபாநாயகர் மணியடிக்க மறந்தார். மந்திரியான பிறகு உன் அறையில் பார்த்தேனே, கோட்டு போட்ட அதிகாரிகளிடம் ஒரு ஃபைலை விளக்கிச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதுங்களா?" என்றாய். அத்தனை பேரும் பலகையைப் பார்க்கும் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள். என் அக்கா மகன்! எனக்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

மஞ்சள் காமாலையில் கண்மூடிய உன்னை மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தபோது ரோடு பாதிதான் முடிந்திருந்தது. மீதி மலைக்கு உன்னைத் தோளில் சுமந்தவர்கள் அதே குண்டனி நாட்டார். இப்போது முழு ரோடும் வந்துவிட்டது கண்ணு. முதல் லாரி ஏறியபோது சனம் அதற்கும் மஞ்சள் பூசியது. உன் அம்மா சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் குறியைப் பற்றி இனி எழுதியே ஆக வேண்டும். இரண்டாம் தேர்தலுக்கு நிற்கும்போது, என்னைப் பார்த்துச் சிரித்த அந்த வியாபாரிகள் நடுவில் நீ மேடையேறினாய். "எங்க மாமன் நான் தோத்த அன்னைக்கே சொன்னாரு, 'மந்திரியாத்தான் மலை ஏறுவே கண்ணு'ன்னு" என்றாய். சந்தை திரும்பி என்னைப் பார்த்தது. நான் மீசையை முறுக்கினேன். அன்று முதல் முன்வழியாகத்தான் நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தையே எழுந்து படிக்கிறேன், சத்தியம். சபாநாயகர் மணியடிக்க மறந்த கதையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றபடி நீ தோற்ற அன்று நான் எந்தக் குறியும் சொல்லவில்லை. "போதும் சாமி, கால்ல விழுந்தாச்சும் வாத்தியார் வேலையத் திரும்ப வாங்கு" என்றுதான் சொன்னேன். மந்திரியாவாய் என்ற பேச்சு முழுக்க நீ கட்டியது, மாப்பிள்ளை.

இப்படிக்கு,
நீ பெரிய மனுசனாக்கிய உன் தாய்மாமன்,
திருப்புலி நாடு, கொல்லிமலை