கரண்ட் பனியன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? நாங்கள் இங்கே நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். அதை எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்ததும் நீ உன் போனில் ஓடுகிற அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறாய், நான் கத்துகிறேன், அம்மா போனைப் பிடுங்கி "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா" என்று கேட்கிறாள். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

உதிரிச் செய்திகளை முடித்துவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மேல்வீட்டுக் குழாய் ஒழுகிக் கூடத்துச் சுவர் முழுக்க ஈரம். சண்டை போட்டேன், அவர்கள் எனக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியாயிற்று. குளியலறைக்குப் போகும் வழியில் நாற்காலி ஒன்று போட்டிருக்கிறோம், பாதியில் உட்கார. பஸ் ஓட்டியவர் இல்லையா, "இது ஸ்டேஜ்டா, இங்க நிறுத்தித்தான் எடுக்கணும்" என்று சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது. அதனால் அம்மா என்னை அவரிடம் வாயாடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"இவ்வளவு படிச்சு என்னடா பிரயோஜனம், அப்பாவுக்கு ஒண்ணு செய்யக்கூடாதா" என்று கேட்டவள் நீ. செய்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெள்ளி பூசிய நூல் இருக்கிறது. மின்சாரம் அதில் ஓடும். இழுத்தால் ஓடுகிற அளவு மாறும். பனியனில் நெஞ்சைச் சுற்றி அதைத் தைத்துவிட்டால் மூச்சை இழுக்கும்போது நூல் நீளும், விடும்போது சுருங்கும். தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்று அதை அளந்து உன் போனுக்குக் கோடாக அனுப்பும். அம்மா அதற்குக் கரண்ட் பனியன் என்று பெயர் வைத்து, ஒரு வாரம் அதை மரக்கரண்டியால்தான் தூக்கினாள்.

இதை நாங்கள் எதில் சோதித்தோம் தெரியுமா? நெஞ்சுக்குள் பம்பு வைத்த ஒரு பொம்மையில். பொம்மைக்கு வியர்க்காது. இருமாது. அதன் பனியனை யாரும் சோப்புப் போட்டுக் கசக்க மாட்டார்கள். அப்பாவுக்கு வியர்க்கிறது. வியர்வையும் சோப்பும் வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கோடு பிசிறடிக்கும். பிசிறை மறைக்கப் போன் ஆப்பில் ஒரு வடிகட்டி இருக்கிறது. மூச்சு வேகத்தில் அசைகிற எதையும் அது மூச்சு என்று எடுத்துக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும். இருமலைத் தள்ளிவிடும். திணறலைத் தள்ளிவிடும். எங்கள் துறைத்தலைவர்தான் அப்படி அமைக்கச் சொன்னார். எந்தக் கோட்டிலும் சுருக்கம் இருந்தால் அவருக்குப் பொறுக்காது, அதனால் நாங்கள் அவரை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லையா? சொன்னேன். "டெக்னிக்கலா பேசாதடா, எனக்குக் கோடு புரியுது, அது போதும்" என்றாய்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ ஒரு படம் அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? கோட்டைப் படம் பிடித்து, கீழே "ஒரு மாசத்துல இதான் பெஸ்ட். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. குழந்தை மாதிரி தூங்குறார். டாக்டர்ங்க சும்மா பயமுறுத்துவாங்க. ஸ்கூல் லீவு விட்டதும் வரேன்" என்று எழுதியிருந்தாய்.

அக்கா, அப்போது பனியன் அப்பா மேல் இல்லை. துவைத்து நாற்காலி முதுகில் போட்டிருந்தேன். காயக் காய நூலின் அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்கப் பெட்டியையும் மாட்டியிருந்தேன். எதிரே டேபிள் ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை காற்று பட்டபோதும் பனியன் லேசாக உப்பி அடங்கியது. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை. நீ பார்த்துச் சந்தோஷப்பட்டது ஃபேனை.

அதே நேரத்தில் அப்பா கட்டிலில் இரண்டு தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சை நான் எண்ணினேன். முப்பத்துநாலு.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் கோட்டை இஸ்திரியும் பார்த்துவிட்டார். எங்கள் நூலில் இதுவரை வந்ததிலேயே சுத்தமான கோடு என்று பாராட்டினார். அது ஃபேன் சார் என்றேன். "மூச்சோ ஃபேனோ, நூல் உணருதா இல்லையா, நமக்கு அதுதானே வேணும்" என்றார். அடுத்த மாத மாநாட்டில் அந்தப் படத்தைக் காட்டப்போகிறார். அப்படியானால் அந்த ஆய்வில் என் பெயர் வேண்டாம் என்றேன். "உணர்ச்சிவசப்படாதீங்க தம்பி" என்றார். என் பெயரை எடுத்துவிட்டார், படத்தை எடுக்கவில்லை. அவரை நான் திட்டுவதிலும் அர்த்தமில்லை. அவருக்கு நூல் வேலை செய்கிறது என்று நம்ப வேண்டியிருந்தது. உனக்கு எதை நம்ப வேண்டியிருந்தது என்று நீயே யோசித்துக்கொள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, திரும்ப இளகாது. சீக்கிரமே முழுநேரமும் ஆக்சிஜன் முகமூடி வைக்க வேண்டிவரும். அதை வைத்துவிட்டால் பேச்சு இல்லை. பேச வேண்டியவர்கள் இருந்தால் இப்போதே வரச் சொல்லுங்கள் என்றார். லீவு விடுகிறவரைக்கும் தாங்குமா என்று உனக்காகக் கேட்டேன். எந்த மாதம் லீவு என்று கேட்டார். சொன்னதும் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பனியன் போட்ட நாளிலிருந்து அப்பா மல்லாந்து படுத்தார். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. புதன்கிழமை அம்மாதான் உண்மையைப் போட்டு உடைத்தாள். மல்லாந்தால்தான் கோடு நன்றாக விழும் என்று நான் எப்போதோ உளறியதை அவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சு அடைத்தாலும் அசைய மாட்டாராம். இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொள்வாராம். "மக பாத்துக்கிட்டிருக்கா, ஒழுங்கா விடணும்" என்பாராம். உன் கண்ணுக்கு நன்றாகத் தெரிவதற்காக அந்த மனிதர் இத்தனை நாளும் மூச்சுத் திணறியிருக்கிறார்.

நேற்று பனியனைக் கழற்றிவிட்டேன். நெஞ்சைச் சுற்றி நூல் பதிந்த இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. அரிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா எண்ணெய் தடவினாள். பெட்டியை ஆய்வுக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி உன் போனில் கோடு வராது. அதைப் பார்த்துப் பதறி என்னைக் கூப்பிடாதே.

நீ கெட்டவள் என்று நான் எழுதவில்லை. உனக்கு வேலை, பிள்ளைகள், அத்தானின் ஷிஃப்ட், எல்லாம் தெரியும். ஆனால் பனியன் வருவதற்கு முன்னால் தினமும் கூப்பிடுவாய். அவரும் உன்னிடம் பொய்தான் சொல்வார். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார், உனக்குக் கேட்கும். கோடு வந்த பிறகு நீ கூப்பிடுவதே நின்றுபோயிற்று. பொம்மைக்குச் செய்ததை அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். அந்தக் கோபமும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. எல்லாம் உன் பங்கு என்று எடுத்துக்கொள்ளாதே, பாதியை எடுத்துக்கொள்.

உன்னை வரச் சொல்லக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. "அவளுக்கு அங்க ஆயிரம் இருக்கும், தொந்தரவு பண்ணாதே" என்கிறார். நான் அவர் பேச்சை எப்போது கேட்டிருக்கிறேன்?

இன்று காலை சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் தூங்கி எழுந்தார். எழுந்ததும் வெறும் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அவள் போனில் என்ன தெரியும் என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூன்று தவணையாக மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்போ, கூப்பிடுவாளா?"

கூப்பிடாதே அக்கா. வா.

உன் தம்பி