கறுப்பு ஃப்ரிட்ஜில் கைத்தடம்

தை 12, ஞாயிறு

அடுப்படியை இடித்துக் கட்டுகிறோம். ஃப்ரிட்ஜ் வாங்க இவரோடு சாத்தூர் கடைக்குப் போனேன். கண்ணாடிபோல மின்னும் கறுப்புதான் வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிவருகிறேன். ஸ்டீல் நிறம் எனக்கு ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும்.

கடைப்பெண் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இவர் எதைத் திறக்கும் முன்பும் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். கறுப்பில் ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. அவள் துணியால் துடைத்தாள். அடுத்ததிலும் வைத்தார்.

"அந்தப் புள்ள எம்புட்டுதான் துடைக்கும்? சும்மா சும்மா கைய வைக்காதீக!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். "பழக்கதோசம். கம்பெனியில செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ள போகணும். உடம்புல இருக்க கரண்டு இறங்கணும்ல. இல்லன்னா ஒரு பொறி போதும்."

இருபது வருடமாக அச்சங்குளத்தில் பட்டாசுக்கு மருந்து கலக்குகிறார். அந்தத் தகட்டைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். நான் கேட்டால்தானே சொல்வார்.

அதன்பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். பார்க்க மனசு பொறுக்கவில்லை.

கடைப்பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, கறுப்புல தினமும் தடம் விழும். ஸ்டீல்ல ஒண்ணுமே தெரியாது. அதையே எடுத்துக்கிடுங்க."

கறுப்பையே எடுத்தேன்.

தடம் விழட்டும். தினமும் சாயங்காலம் தவறாமல் விழுந்தால் போதும்.