ராகு காலமும் கீசர் பசையும்

நேற்று எங்கள் வீட்டு கீசரை நானே மாற்றினேன். பழையது அடியில் துருப்பிடித்து ஒழுகிவிட்டது. மகள் பிரசவமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு சாயங்காலம் வீட்டுக்கு வரவிருந்தாள். ப்ளம்பரோ, ஆடி வெள்ளி, வீராம்பட்டினம் தேருக்குப் போய்விட்டார். சரி, நாமே இறங்குவோம் என்று பைப் பசை டப்பாவைத் திறந்தேன். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி கிளம்பியதும் நீயும் வந்துவிட்டாய், நண்பா.

டப்பா உன் கடையில் வாங்கியதுதான். உழவர்கரையில் நீ வைத்த பைப் கடையை, நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து உன் வீட்டம்மா நடத்துகிறார். "வெந்நீர் பக்கம் சந்தனக் கலர் பைப்புதாண்ணே போடணும். வெள்ளைப் பைப்பு சூட்டுல வளைஞ்சுடும்" என்றார். விலையில் கொஞ்சம் இறங்கச் சொன்னேன். "உங்க அரிசி மண்டியில நீங்க எறங்குனா சொல்லுங்கண்ணே, நானும் எறங்குறேன்." உன்னிடமாவது எப்போதாவது என் பேச்சு எடுபடும்.

பழைய கீசரை மாட்டிய நாளும் வெள்ளிக்கிழமைதான். "ப்ளம்பருக்கு எதுக்குடா தண்டம், நானே வர்றேன்" என்று வந்தாய். கல்யாணத்துக்குப் போகிற வழி என்பதால் பட்டு வேட்டியில் வந்தாய். ராகு காலத்தில் கல்லாவைக்கூடத் திறக்காத ஆளாயிற்றே நீ! பைப் திரும்பும் மூலையில் கடைசி எல்போவை ஒட்டின கையோடு கடிகாரத்தைப் பார்த்தாய். "பத்தரை ஆகப் போவுது, தொறந்து வுடுடா!"

திறந்தேன். எல்போ பிடுங்கிக்கொண்டு பறந்தது. தண்ணீர் உன் நெஞ்சிலேயே பீய்ச்சி அடித்தது. நீ பைப் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "மெயின மூடுடா, மொதலாளி!" என்று அலறுகிறாய். எனக்குச் சிரிப்பில் கை கால் ஓடவில்லை. பிறகு என் பருத்தி வேட்டியைக் கட்டிக்கொண்டு, சட்டை சொட்டச் சொட்ட, முகத்தை மட்டும் பெரிய மனிதன் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாய்: "பசைக்குப் பஞ்சாங்கம் தெரியலடா." அதே வேட்டியில்தான் கல்யாணத்துக்கும் போனாய். அது திரும்பி வரவே இல்லை.

நேற்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன். கீசர் ப்ளக்கைப் பிடுங்கி, மெயினை மூடி, பழைய தொட்டியை வடித்துக் கழற்றி, புதியதை மாட்டினேன். கீசர் வாயில் கசியாமலிருக்க டேப் சுற்றி, மரை போட்ட பித்தளை இணைப்பைப் பூட்டினேன். பைப் நுனியிலும் எல்போவின் உள்ளேயும் பசை தடவி, உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, அழுத்திப் பிடித்தேன்.

முடிக்கும்போது என் வீட்டுக்காரி குளியலறை வாசலில் நின்றாள். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தண்ணியத் தொறந்து வுடுங்க. பச்சக் கொழந்த வர்ற வூடு."

"கொழந்த வர்ற வூடுன்னுதான் தொறக்கல. கொதிக்கிற தண்ணி வர்ற பைப்பு, நாளைக்கு பொண்ணு குளிக்கும்போது பிடுங்கிக்கினா?"

"கொழந்த வந்து வெந்நீர் கேட்டா?"

"அடுப்புல ஒரு குண்டான் வெச்சிடு."

"இதுக்கு எதுக்கு கீசரு? இருவத்தஞ்சு வருஷமா இந்த மனுசனுக்கு மூளையும் காயல, இப்ப பசையும் காயல" என்று போய்விட்டாள். போனவள் குண்டானையும் வைத்துவிட்டாள், பார்த்தேன்.

டப்பாவில் போட்டிருந்த நேரத்துக்கும் மேலேயே காயவிட்டேன். பிற்பகலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு மெயினைத் திருகினேன். காற்று கனைத்தது, பிறகு தடதடவென்று முழுத் தண்ணீர். நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றினேன். ராகு காலம் அச்சடித்த அந்தத் தாள் ஈரமே படாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். உன்னைக் கூப்பிட வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.

பேத்தி வந்தாள். வெந்நீர் தயாராக இருந்தது. அவளைப் பார்க்க வந்த உன் வீட்டம்மா, குழந்தையைவிட அதிக நேரம் என் எல்போவைத்தான் பார்த்தார். "பரவாயில்லண்ணே, எங்க வூட்லயும் பழசு ஒழுவுது. வந்து மாத்திக் குடுங்க" என்றார். நான் கூலி பேசினேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பக்கத்தில் நீ உட்கார்ந்து சிரிப்பது போலவே இருந்தது.

பேசி முடித்தது இதுதான்: சாமான் அவருடையது, வேலை என்னுடையது. கூலி, ஒரு வேளை வஞ்சிரக் குழம்புச் சோறும், உன் பீரோவில் கிடக்கும் என் வேட்டியும். பசை காயும்வரை யாரும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.