மதினி, மலை நீலமாகத்தான் இருந்தது

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் குளிர் உண்டா, கம்பளி வேண்டியிருக்குமா என்று எதுவும் தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டிப்பொலைக்கு மேலே காடு முழுக்க நெலு பூத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தேயிலை முடிகிற இடத்தில் வேலியைத் தாண்டி ஏறினால், மரங்களுக்கு அடியில் கண் போகிற தூரம் நீலம். பனி இறங்கியபோது எது பூ, எது பனி என்று எனக்குப் பிடிபடவில்லை. தேனீக்களின் இரைச்சல் மட்டும் நிற்கவே இல்லை. கீழே எங்கேயோ ரயில் கூவிக்கொண்டு போனது, அதுவும் தூக்கத்தில் கேட்கிற சத்தமாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்குமாம். போன மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டீர்கள். இன்னும் எட்டு மாதம் இருந்திருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

போன தடவை பூத்தபோது அதை முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் நீங்கள். அதைச் சொன்னதற்காக உங்களை ஒன்பது நாள் உள்ளே வைத்துப் பூட்டியவள் நான். இது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஒன்பது நாளில் நான் செய்த ஒரு காரியத்தை இந்த ஞாயிறு வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோது, நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மருந்து கொடுக்கும் டாக்டர் ஐயா எனக்குக் காய்ச்சல் பார்க்கவும் நாடி எண்ணவும் சொல்லிக்கொடுத்திருந்தார். படித்தது ஐந்தாம் வகுப்பு, மிடுக்கு மட்டும் பெரிய டாக்டருக்கு உள்ளது. லயத்தில் யார் தும்மினாலும் போய் மணிக்கட்டைப் பிடித்துவிடுவேன். "ஒங்க தங்கச்சி வருது, கைய முந்தானையில ஒளிச்சு வச்சுக்கிறேன்" என்று அண்ணனிடம் கேலி செய்வீர்கள்.

பார்வதி பிறந்து மூன்றாம் மாதம் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். பிள்ளை அழுதாலும் திரும்பவில்லை. தலை சிக்குப் பிடித்துப் போயிற்று. பூசாரி வந்து விபூதி போட்டார், போனார். லயத்துப் பெண்கள் உங்களைச் சோம்பேறி என்றார்கள், அப்புறம் வேறு பெயரும் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் நூலாகச் சிக்கெடுப்பேன். ஒரு நாள் பயந்துகொண்டே, "செத்துப் போயிரலாம்னு தோணுதா மதினி?" என்று கேட்டுவிட்டேன். "தோணுது புள்ள" என்றீர்கள். கேட்டதற்காக நீங்கள் என்மேல் கோபப்படவில்லை. அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தீர்கள்.

பிறகு ஏறினீர்கள். ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றமா? விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்று, கங்காணிக்கே வேலை பிரித்துக் கொடுத்தீர்கள். துரை பங்களாவுக்கு நடந்து போய், ரோஜாச் செடிகளைக் கோணலாக நட்டிருக்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தீர்கள். (கோணல்தான். நானும் பார்த்தேன்.) கம்பளி, சட்டி, பார்வதியின் கொலுசு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போகிற வருகிறவர்களுக்குக் கொடுத்தீர்கள். ஐந்து நாள் கண் மூடவில்லை. நுவரெலியா டாக்டர்தான், ஏறவும் இறங்கவும் செய்கிற நோய் இது, திரும்பத் திரும்ப வரும், இரண்டு சமயத்திலும் ஒரே ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று சொன்னார். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

இருந்தேன், மதினி. ஏற்றத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட மாட்டீர்கள் என்பதால் ரொட்டியைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே நடப்பேன். வாதாட மாட்டேன். அடுப்பங்கரைக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, விளக்கைத் தணித்து, ஒரே குரலில் இரண்டு வார்த்தை பேசுவேன். நம் ஆட்கள் திம்புள்ளைப் பக்கமிருந்து இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்தபோது, புது டாக்டர் ஐயாவிடம் உங்களைப் பற்றி நானேதான் எடுத்துச் சொன்னேன். அவர் பத்துப் பேர் முன்னால் என்னை மெச்சினார். அந்த மெச்சல் என் தலைக்கு ஏறியது. அதற்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை.

அந்த ஆவணி மாதத்து ஞாயிறு நினைவிருக்கிறதா? விறகு பொறுக்கப் போன நீங்கள், தலைமுடி அவிழ்ந்து, சேலையெல்லாம் பனி நனைந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தீர்கள்.

"ஏ மரகதம், மலை நீலமாயிருச்சு புள்ள!"

"எந்த மலை மதினி?"

"மேல, காட்டுல. தரையே தெரியல. தேனீ சத்தத்துல காது அடைக்குது. வாடி, போட்டதப் போட்டபடி வா, இப்பவே போவோம்."

"வெறகு எங்க?"

"வழியில போட்டுட்டேன். வெறகு கெடக்கு, வா!"

விறகைப் போட்டுவிட்டு வந்தது ஒன்று. பார்வதியின் இருமலால் முந்தின இரவு தூங்காதது இரண்டு. மலை நீலமானது மூன்று. என் மனசு மளமளவென்று எண்ணிக்கொண்டே போனது. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி குதிரையாக ஓடியது. அவ்வளவு தூரம் ஓடி வந்தவரின் நாடி ஓடாமல் என்ன செய்யும்? இது இன்றைக்குத் தோன்றுகிறது. அப்போது நாம் இந்தத் தோட்டத்துக்கு வந்து நாலைந்து வருஷம்தான். நெலு என்று ஒரு செடி இருப்பதே எனக்குத் தெரியாது.

பின் அறைக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் திமிறவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தீர்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன் புள்ள. சந்தோசமா இருக்கேன், அவ்வளவுதான்" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தையும் ஒரு நோய்க்குறியாக டாக்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர் தூங்க வைக்கும் மருந்து எழுதினார். மூக்கைத் துளைக்கும் அந்த மருந்தை நான்தான் வாயில் ஊற்றினேன். பாதித் தூக்கத்தில் நீலம், நீலம் என்று முனகிக்கொண்டிருந்தீர்கள்.

பத்தாம் நாள் வெளியே வந்தபோது உங்கள் கால் நிலையாக நிற்கவில்லை. அப்புறம் இரண்டு வாரம் விடாத மழை. மலை ஏறத் தெம்பு வந்தபோது பூவெல்லாம் உதிர்ந்து விதையாகிவிட்டது. அதற்குள் நெலு பூத்த சங்கதி லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அடுப்பருகே, "அந்த வெதயத் தின்ன காட்டுக்கோழியெல்லாம் கிறுகிறுத்துப் போயி வட்டம் சுத்துதாம். அதுகளையும் புடிச்சு உள்ள போட்டு மருந்து குடுப்பியா மரகதம்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அண்ணனும் சிரித்தார். சட்டென்று நிறுத்தி, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"சிரிக்கலாமில்ல புள்ள?"

அதன்பிறகு நீங்கள் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் போதும், லயமே திரும்பி என் முகத்தைப் பார்க்கும், நான் தலையாட்டுகிறேனா என்று. கல்யாண வீட்டில்கூடப் பார்த்தார்கள். நீங்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டீர்கள். நோயைத் தணிக்க வந்த நான் உங்கள் சிரிப்பைத் தணித்துவிட்டேன் மதினி. அது என்னை இன்னும் அறுக்கிறது.

ஒரு வருஷம் கழித்துப் பீலித் தண்ணீரில் துணி அலசும்போது, நான் கேட்காமலே சொன்னீர்கள். "ஒனக்கு வித்தியாசம் தெரிய மாட்டேங்குது. நான் சொல்றேன் கேட்டுக்க. நோவு ஏறுறப்ப எனக்கு யாருமே வேணாம்னு இருக்கும். நீங்கள்லாம் மெதுவா நடக்குறீங்கன்னு எரிச்சலா வரும், விட்டுட்டு ஓடத் தோணும். சந்தோசம்னா அப்பிடியில்ல. பக்கத்துல ஒரு ஆளு வேணும்னு இருக்கும்." தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் என்னை எத்தனை தடவை வா வா என்று கூப்பிட்டீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நாடியைவிட அதைத்தான் கவனித்தேன். மூன்று தடவை நிஜமாகவே ஏறினீர்கள். மூன்று தடவையும் நீங்களே கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். "மரகதம், இன்னிக்கு எனக்கு யாரையும் புடிக்கல. என்னைய உள்ள வச்சுக்க" என்றீர்கள். புது மாத்திரையும் வந்திருந்தது. ஏற்றமும் இறக்கமும் முன்னளவுக்கு இல்லை. டாக்டர் ஐயா மறுபடியும் என்னைத்தான் மெச்சினார்.

இனி அந்தச் சங்கதிக்கு வருகிறேன்.

நீங்கள் பின் அறையில் இருந்த மூன்றாம் நாள், மரக்கறி வண்டிக்காரர் பியதாச ஆஸ்பத்திரிச் சமையலுக்கு முட்டைக்கோஸ் இறக்க வந்தார். என்னைச் சிங்களத்தில் நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, மலே பூரா நெலு பூத்துப் போச்சு. நீ பாக்கப் போக இல்லையா?" என்றார். வண்டியில் ஒரு கொத்து வேறு செருகியிருந்தது. நீலம்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாவி என் இடுப்பில் இருந்தது. பத்து எட்டு வைத்தால் உங்கள் கதவு. நான் முட்டைக்கோஸை எண்ணி உள்ளே எடுத்து வைத்தேன். டாக்டர் ஐயாவிடம் தப்பு என்று எப்படிச் சொல்வது? பத்துப் பேர் முன்னால் மெச்சியவர் ஆயிற்றே. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், எதற்கும் ஒரு நாள் பார்ப்போம் என்று ஆறு நாள் பார்த்தேன். நல்லாயிருந்த உங்களுக்கு ஆறு நாள் மருந்து ஊற்றினேன். மூன்றாம் நாளே திறந்திருந்தால் நீங்கள் பூவைப் பார்த்திருப்பீர்கள். தெரியாமல் செய்தது முதல் மூன்று நாள்தான். மீதியெல்லாம் தெரிந்தே செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கி வந்து, இதை அண்ணனிடம் சொல்லி அழுதேன். லயத்தில் இப்போது எல்லார் வாயிலும் இந்தக் கரையா அந்தக் கரையா, இங்கேயே இருப்பதா இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதா என்கிற பேச்சுத்தான். அண்ணன் எதிலும் கலந்துகொள்வதில்லை. நீங்கள் இந்த மண்ணுக்குள் கிடக்கும்போது அவர் மட்டும் எங்கே போவது என்கிறார். பார்வதி கந்தப்பளையில் சுகமாக இருக்கிறாள், இரண்டாவது வயிற்றில். நான் சொல்லி முடித்ததும் அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியும் மரகதம்."

"என்னண்ணே தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். பின்னாடி சன்னல் பக்கம் வண்டியத் திருப்பும்போது பியதாச அவளுக்கும் ஒரு கொத்துக் குடுத்திருக்காரு. ஒங்கிட்டயும் சொன்னதாச் சொல்லியிருக்காரு. நான் பாக்க வந்தப்ப எங்கிட்ட காட்டுனா. இப்பவே போயி டாக்டர் ஐயாவக் கூட்டியாறேன்னு எந்திரிச்சேன். கையப் புடிச்சு உக்கார வச்சுட்டா."

"ஏண்ணே?"

"'அது தானா வந்து தொறந்தாத் தொறக்கட்டும், நீங்க சொல்லி அது அவமானப்பட வேணாம். மனசு ஒடைஞ்சா அதுக்குக் கை நடுங்கும். நெசமா ஏறுறப்ப என்னையப் புடிக்க அந்தக் கை வேணுமில்ல'ன்னா. சத்தியம் வாங்கிக்கிட்டா."

மதினி, அப்படியானால் ஆறு நாளும் தெரிந்துகொண்டேதான் வாயைத் திறந்தீர்களா? ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லையே. நான் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்றா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? நான் உங்களைப் பார்த்துக்கொண்டேன் என்று தோட்டமே சொல்கிறது. யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள்?

அந்தப் பின் அறையில் இப்போது மேல் டிவிஷனிலிருந்து வந்த லட்சுமி என்கிற பெண் இருக்கிறாள். உங்களுக்கு வந்ததேதான் அவளுக்கும். நேற்றுக் காலை மருந்தை எடுத்துக்கொண்டு போய், கொடுக்காமல் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடமும் உங்கள் கதையைச் சொன்னேன், நான் செய்ததையும் விடாமல். "அப்ப எனக்கும் தப்பாப் போகுமாக்கா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனித் தப்பு என்று தெரிந்த நிமிஷமே, யார் பார்த்தாலும் பார்க்கட்டும், கதவைத் திறந்து, தப்பு என்னுடையது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கை நடுங்கத்தான் செய்யும் மதினி. நடுங்குகிற கையாலேயே பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனாராக வந்து, உங்களிடம் பிள்ளையாக வளர்ந்த
மரகதம்