அசையாமல் நின்ற முள்

கலகெதர

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி தினுஷனும் சுகம், உங்கள் முழங்கால் எப்படி என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா, நேற்றுக் காலை நான் முதலில் பார்த்தது ஒரு சின்ன முள்ளை. கொம்பிரசரின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காற்றழுத்தம் காட்டும் மீட்டரின் முள் அசையவேயில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் நீங்கள் என்ன கேட்டாலும் எனக்கு "ம்" தவிர ஒன்றும் வராது, அதனால் திகனயிலிருந்து குவைத் வரும் அபீபா அக்கா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கோயில் திருநாளுக்கு மாதா சுரூபத்துக்குப் பெயின்ட் அடிக்க அப்பா ஒத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். நம் கொட்டகைக் கொம்பிரசரில் காற்றை அடைத்து வைக்கும் தாங்கி மிகச் சின்னது. நீல அங்கியில் பாதிக்கு வருவதற்குள் காற்று குறைந்து ஸ்பிரே கன் இருமத் தொடங்கிவிடும், பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். இரண்டு தடவை அப்பா அடித்தார், இரண்டு தடவையும் நான் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து எடுத்தேன். பக்கத்து வீட்டு ஸ்ரனிஸ்லாஸ் மாமா எட்டிப் பார்த்து, மாதாவுக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். அவர் குழாய் வேலைக்காரர் அல்லவா, இன்னொரு தாங்கியைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று உடனே ஒரு பழைய காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா அதைக் கொட்டகை வாசலிலேயே தடுத்துவிட்டார். "அதுல வெல்டிங் புடிச்சா, திருநாள் பூசைக்கு முன்னால நமக்குத்தாண்டா பூசை" என்றார். பிறகு பழைய லொறி ஒன்றின் பிரேக் காற்றுத் தாங்கியைத் தேடி வாங்கினார். அது காற்றுக்கென்றே செய்தது. தெரிந்த கராஜில் அதற்குள் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார்கள், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. காற்றால் அழுத்திப் பார்த்து வெடித்தால் துண்டு துண்டாகப் பறக்குமாம், தண்ணீர் என்றால் கசிவதோடு போய்விடுமாம்.

ஸ்ரனிஸ்லாஸ் மாமாதான் ஆசையாகப் பொருத்தினார். மீட்டரையும், காற்று நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சையும், கூடிப்போன காற்றைத் தானாக வெளியே விடும் வால்வையும் புதுத் தாங்கிக்கு மாற்றிவிட்டு, பழையதன் ஓட்டைகளைத் திருகாணி போட்டு இறுக்கினார். இரவில் காற்று வீணாகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் மூடித் திறக்க ஒரு குழாய்த் திருப்பியும் வைத்தார். அன்று பின்னேரம் அப்பா அந்தத் திருப்பியைப் பூட்டினார். மறுநாள் காலையில் அதை மறந்து மோட்டாரைப் போட்டார்.

அப்போதுதான் முள் நின்றதைப் பார்த்தேன். மோட்டாரின் சத்தமோ கனத்துக்கொண்டே வந்தது. அப்பா பழைய தாங்கியின் மேல் குனிந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில். ஸ்ரனிஸ்லாஸ் மாமா பக்கத்தில் பேசிக்கொண்டு நின்றார். எனக்கு வாய் வரவில்லை அம்மா. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அப்பா கோபமாகத் திரும்பினார். "என்னா புள்ள, பைத்தியமா ஒனக்கு?" நான் முள்ளைக் காட்டினேன். பிறகு குழாய்த் திருப்பியைக் காட்டினேன். அப்பா எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, திருப்பியை மெல்ல மெல்லத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு பெரிய தாங்கிக்குள் போனது, முள் விறுவிறுவென்று ஏறியது. அவ்வளவும் அந்தச் சின்னத் தாங்கிக்குள்ளே அடைந்து கிடந்திருக்கிறது. நிறுத்தும் சுவிட்ச் வேறு தாங்கியில் இருந்தால் அதற்கு எப்படித் தெரியும். ஸ்ரனிஸ்லாஸ் மாமா தலையில் கை வைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "வாயில்லாப் புள்ளன்னு சொன்னேனே, நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்திட்டாளே லியோன்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் எல்லாவற்றையும் கழற்றினார்கள். சுவிட்சும் மீட்டரும் வால்வும் பழைய இடத்துக்கே போயின. புதுத் தாங்கிக்கென்று தனியாக ஒரு வால்வு வாங்க அப்பாவும் நானும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனோம். காற்றிலிருந்து அடியில் தேங்கும் தண்ணீர் வடிய ஒரு சின்னக் குழாயும் வைத்தாயிற்று, நம் ஊர் ஈரத்துக்குத் தினமும் வடிக்க வேண்டும், அது என் வேலை. நடுவில் இருந்த திருப்பியை ஸ்ரனிஸ்லாஸ் மாமாவே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா, முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்காமல் படுக்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் அந்த வீட்டு மாடிப்படியை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறச் சொன்னால், வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள், என்னைப் போல் பேசாமல் இருக்காதீர்கள். வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது அப்பாவை ஏச வேண்டாம், அவர் ஏற்கெனவே பயந்துவிட்டார். மாதா உங்களைத் தன் அங்கிக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். இன்று பின்னேரம் இரண்டு தாங்கியும் நிறைந்து மோட்டார் தானாக நின்றது. அப்பா பெயின்ட் ஊற்றி ஸ்பிரே கன்னை எடுத்தார், பிறகு என்னைப் பார்த்தார். "முள்ளப் பாத்தது நீ. இதையும் நீயே புடி" என்றார். நான் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மாதாவின் தோளில் தொடங்கிப் பாதம் வரைக்கும் நிறுத்தாமல் அடித்தேன்.

உங்கள் அன்பு மகள்,
ஜெஸ்மின்