பத்துக்குப் பத்து அறைக்கு நாற்பத்திரண்டு அங்குலம்

திண்டுக்கல்,
பிப்ரவரி 20

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் இதில் சேராது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கால்கரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்று மாப்பிள்ளை சொன்னார். இங்கே பூஜ்யத்துக்கு மேலே முப்பத்தைந்து, இன்னும் மாசியே முடியவில்லை. இதைத் தபாலில் போட்டால் உனக்கு வருவதற்குள் மார்ச் போய்விடும் என்பதால் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அப்படியானால் ஏன் தாளில் எழுத வேண்டும் என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் நடுவில் அம்மா வந்துவிடுகிறாள், இல்லாவிட்டால் நானே பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறேன். தாளில் இரண்டு தொந்தரவும் இல்லை.

இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில், "போன தடவை மாதிரி மே மாசத்துல ஃபேன் இல்லாம நாப்பது நாள் என்னால கெடக்க முடியாதும்மா, ரெண்டாவத நான் இங்கயே பெத்துக்கிறேன்" என்று சொன்னாய் அல்லவா, அம்மா ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். மறுநாள் காலையில் நான் அளவு டேப்பை எடுத்து உன் அறையை அளந்தேன். பத்தடிக்குப் பத்தடி. அந்த அறையில் இருந்த பழைய ஃபேன் போன வருடமே மோட்டார் காயில் எரிந்து நின்றுவிட்டது, ஆகவே புதிதுதான் வாங்க வேண்டும். சௌகத் அலி கடைக்குப் போய் ஐம்பத்தாறு அங்குல ஃபேன் வேண்டும் என்றேன். இருப்பதிலேயே அதுதான் பெரியது. அவர் அறையின் அளவைக் கேட்டார், சொன்னேன். "சார், ஆளு கனமா இருந்தா சட்டையப் பெருசா எடுக்கலாம், வெயிலு கனமா இருக்குன்னு ஃபேனப் பெருசா எடுக்கலாமா? பத்துக்குப் பத்துக்கு அது கூடாது சார்" என்றார். முப்பத்து மூன்று வருடம் வாத்தியாராகப் பிறருக்குச் சொல்லியே பழகிவிட்டதால் பிறர் சொல்வதைக் கேட்கும் பயிற்சி எனக்குக் குறைவு. பெரிய ஃபேன், பெரிய காற்று, மகள் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராயப்பராஜ்தான் மாட்ட வந்தார். ஏணியில் நின்றபடியே, "சார், பரண் கொஞ்சம் கிட்டத்துல இருக்கு, பாத்துக்கிட்டீங்களா" என்று கேட்டார். அளந்தாகிவிட்டது என்றேன். நான் அளந்தது தரையை. ஃபேன் ஓடுவது தரையில் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டு அறைகளில் ஒரு சுவர் முழுக்க இரண்டடிக்குக் கான்கிரீட் பரண் நீண்டிருக்கிறது. ஆகவே கீழே பத்துக்குப் பத்தாக இருக்கும் அறை மேலே எட்டுக்குப் பத்துதான். அந்த எட்டிலும் உன் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா பரணை விட்டு முக்கால் அடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ராயப்பராஜ் சுவிட்சைப் போட்டார். ஒரே அடிதான். எதிர்வீட்டிலிருந்து வந்து வீட்டில் என்ன பூஜை என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, ஃபேன் மாட்டுகிறோம் என்றேன். அண்டாவுக்குச் சேதம் இல்லை, ஒரு இறக்கை மட்டும் வளைந்துவிட்டது. ராயப்பராஜ் இறங்கிவந்து, "நல்லவேள சார், தலைய நீட்டிக்கிட்டிருந்தது அண்டா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அவர் நல்ல மனிதர்.

இறக்கையை மாற்றி அந்த ஃபேனைக் கூடத்தில் மாட்டியாயிற்று, கூடம் பெரிது என்பதால் அங்கே அதற்கு வேலை இருக்கிறது. உன் அறைக்கு நாற்பத்திரண்டு அங்குலம் வாங்கினேன். நீ அங்கே சொந்த வீடு வாங்கும்போது தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன். சின்னச் சட்டியில் பெரிய கரண்டியை விட்டுக் கிண்டினால் குழம்பு வெளியே சிந்தும், அண்டாவில் சின்னக் கரண்டியை விட்டால் அடிபிடிக்கும், ஃபேனும் அப்படித்தான். இறக்கை நுனிக்கும் பக்கத்தில் இருப்பதற்கும் நடுவில் ஓரடிக்குக் குறையாமல் இடம் வேண்டும், இல்லாவிட்டால் காற்று சுவரில் முட்டித் திரும்பிவிடும். கூரையோடு ஒட்டவும் கூடாது. அடியில் ஒரு சாண் தண்ணீர் உள்ள தொட்டியில் வாளியை அமுக்கினால் அடி தட்டுமே தவிர வாளி நிறையாது, அதுபோல மேலே காற்று இருந்தால்தான் ஃபேன் அதை எடுத்துக் கீழே தள்ளும். ஒரு முழம் ராடு போட்டிருக்கிறது. அண்டாவை இறக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தாயிற்று.

இனிமேல்தான் நான் சொல்ல நினைத்தது. ஃபேன் மாட்டிய மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு உன் கட்டிலில் போய்ப் படுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "ஒண்ணுல வைங்க" என்றாள், வைத்தேன். செத்த நேரம் கழித்து, "நெத்திக்கு நேரா அடிக்குது, கட்டில ஜன்னப் பக்கம் தள்ளுங்க" என்றாள். அவளோடு சேர்த்தே கட்டிலைத் தள்ளினேன். பிறகு, "இம்புட்டுத்தானா, மூணுல வைங்க" என்றாள். ஒரு மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைத்துப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 98.4 என்று எழுதினாள். ஐந்து நாள் இப்படியே படுத்தாள், ஐந்து நாளும் எழுதினாள். அறிவியல் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தாறு வருடத்தில் அவள் செய்த முதல் சோதனை இது, முறையாகவும் செய்தாள். ஆறாம் நாள், "எனக்கு ஒண்ணும் செய்யல, அவளுக்கு மட்டும் என்ன செஞ்சிரப் போகுது, காதுல பஞ்சு வச்சுக்கிட்டாப் போதும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

உன் பெரியம்மா சின்னக்கண்ணுவைப் படத்தில் பார்த்திருக்கிறாய். எப்படிப் போனாள் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. கன்னிவாடியில் பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போனாள். அதற்கு முந்தின வாரம்தான் அந்த வீட்டில் டேபிள் ஃபேன் வாங்கி அவள் கட்டிலுக்கு நேரே வைத்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த ஃபேனைத்தான் குற்றம் சொன்னார்கள். வாங்கச் சொன்னது உன் அம்மா. அக்காவுக்கு வியர்க்கிறது என்று அடம்பிடித்து வாங்க வைத்தாளாம், அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. காய்ச்சல் கிருமியால் வந்தது, காற்றால் இல்லை என்று நான் கல்யாணமான புதிதில் ஒருதரம் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு நான் சொல்லவில்லை.

அதுதான் என் தப்பு. வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது என்று ஒவ்வொரு வருடமும் வேடசந்தூர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் புறங்கையில் ஸ்பிரிட்டைத் தடவி ஊதச் சொல்லிக் காட்டியவன் நான். உன் முதல் பிரசவத்தின்போது அம்மா ரெகுலேட்டர் குமிழைக் கழற்றி அரிசி டிரம்மில் போட்டிருந்தாள், அரிசி எடுக்கும்போது அதை நான் பார்த்தேன். மூடிவைத்துவிட்டேன். ஒருநாள் மத்தியானம் நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகில் வந்து, "அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டாய். அம்மா சொல்றதக் கேளும்மா என்றேன். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீ அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாய். இந்த நான்கு வருடத்தில் நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை, சொல்லியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வா என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், பேத்திக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்து நீயே முடிவு செய். வருவதானால் மார்ச் கடைசிக்குள் ஏற வேண்டும், டாக்டர் சீட்டு இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்களாம், விசாரித்துக்கொள். வராவிட்டாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன், பொய் எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, டீயோடு போடாதே. பனியில் வழுக்காத செருப்பாகப் போடு. மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசி. தாயும் பிள்ளையும் எந்த ஊரிலானாலும் பிரசவத்தில் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, பிறகு நல்லபடியாகச் சேர்ந்து இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிறேன் என்றாலும் வரவில்லை என்றாலும் அதை என்னிடம் சொல்லி அனுப்பாதே, அம்மாவைக் கூப்பிட்டு நீயே சொல். ஐந்து நாள் படுத்துப் பார்த்தது அவள்தான்.

அன்புடன்,
உன் அப்பா,
மு. முத்துக்கிருஷ்ணன்